சாவி எடுத்தும் ஓடிய கார்

தம்புசாமிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கிருந்து கிளம்பினாலும் ‘வரேன்’ என்று சொல்லாமல் கிளம்ப மாட்டார். மளிகைக் கடைச் சீனரிடம் சொல்வார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரிடம் சொல்வார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவர் ஓட்டிய பாரந்தூக்கியிடமும், வேலை முடிந்ததும் அதன் இரும்பைத் தட்டி, “வரேண்டா” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

“அது என்னாண்ணே பதில் சொல்லுச்சு?” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

“சொல்லாம போனா, இவன் இனிமே வரமாட்டான்னு நெனச்சிக்கும்லா” என்பார்.

நான் அதே துறைமுகத்தின் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பண்டமாரானில் அவருடைய வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவரைப் பற்றி எழுதும் இந்தக் கட்டுரையில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் கலக்கவில்லை.

அவர் பிறந்தது 1931ஆம் ஆண்டு, பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில். பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். சப்பான்காரன் காலத்தில் தகப்பனார் சயாம் ரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை. போகும்போது மகனிடம் ஒன்றும் சொல்லாமல் லோரியில் ஏறிவிட்டார் என்று தம்புசாமி ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. இளவயதிலேயே துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தார். பின்பு பாரந்தூக்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். சுங்கை பூலோவிலிருந்து ராஜேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் இல்லை. ராஜேஸ்வரிக்கு வாய்த்துடுக்கு அதிகம். தம்புசாமி அதைக் கேட்டு மகிழ்வதற்கென்றே பிறந்தவர்போல இருப்பார்.

1984ஆம் ஆண்டு ராஜேஸ்வரியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். ஆறு வாரம். நடுவில் விடக் கூடாது. விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும், அதற்குப் பிறகு தாங்கள் செய்ய அதிகமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பரிசோதனைக்குப் பஸ்ஸில் போய் வந்ததற்கே அந்த அம்மா நடுவழியில் வாந்தி எடுத்து, கிள்ளான் பஸ் நிலையத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். “தெனம் இப்படின்னா, கட்டி கொல்றதுக்கு முன்னால பஸ்சு கொன்னுரும்” என்றார். திங்கட்கிழமை முதல் நாள். அதற்குள் ஒரு கார் வேண்டும்.

தம்புசாமி லோரியும் ஓட்டத் தெரிந்தவர். காருக்குத்தான் வழியில்லை. கிள்ளானில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பக்கிரிசாமியிடம் போனோம். பக்கிரிசாமி டீசல் வண்டிகளை மட்டுமே தொடுவார். கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“பிரிக்பீல்ட்ஸ்ல ஒண்ணு இருக்குண்ணே. வெளியூர் டாக்சியா ஓடுன ஜெர்மன் டீசல். ரோட்டேக்ஸ் கூட வரும், ஆனா எண்ணெய் மலிவு. எஞ்சின் தங்கம். நாந்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.”

“அப்புறம் ஏன் இழுக்கிற?”

“வண்டிக்காரரு தவறிட்டாரு. கன்னையான்னு பேரு. போன வாரம்தான். கருமாதி முடிஞ்சப்புறம் போனா நல்லது.”

“திங்கக்கெழம எனக்கு வண்டி வேணும்டா.”

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். பிறகு விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை தம்புசாமியும் நானும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டு வாசலில் சாவுப் பந்தலின் கயிறுகள் இன்னும் தொங்கின. உள்ளே கன்னையாவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. அவர் மனைவி வீரம்மா, அறுபது வயதிருக்கும், உட்காரச் சொல்லவில்லை. சாவியை மட்டும் எடுத்து வந்தார்.

கார் முற்றத்தில் நின்றது. டாக்சி நிறத்தை மறைக்க, விற்பதற்காக அந்த வாரமே மேலே சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கதவு இடுக்கில் பழைய மஞ்சள் தெரிந்தது. தம்புசாமி ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர் அவர். சீட்டோ வேறொரு பெரிய உடம்பின் பாரத்தில் வருடக்கணக்காகக் குழிந்து போயிருந்தது. அந்தக் குழியில் அவர் இறங்கியதும், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி தெரிந்தார்.

சாவியை ஒரு திருப்பு திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்தார். டீசல் எஞ்சினின் உள்ளறை சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு கிளப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கருப்புப் புகை கொஞ்சம் வந்து, தெளிந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார். காற்று முட்டவில்லை. நல்ல எஞ்சின்.

விலை பேச்சு இரண்டு வார்த்தையில் முடிந்தது. வீரம்மா கேட்டதைத் தம்புசாமி கொடுத்தார். வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பழக்கத்தில் சொல்லிவிட்டார்:

“வரேங்க அக்கா.”

எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் வரேன் என்று சொல்லக் கூடாது. பதினாறு கழியாத வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். தம்புசாமிக்கும் அது தெரியும். நாக்கு முந்திக்கொண்டது.

வீரம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவர் பார்வை தம்புசாமியின் முகத்தில் இல்லை. அந்தச் சீட்டின் குழியில் இருந்தது.

“வாங்க” என்றார்.

ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசும் குரல் அது.

பண்டமாரான் வந்து சேர்ந்ததும் தம்புசாமி வீட்டுக்கு முன் காரை நிறுத்தி, சாவியை எடுத்து, இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவி அவர் கையில் இருந்தது. கார் தன் பாட்டுக்கு நின்ற இடத்தில் குலுங்கிக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் ஓடியது.

ராஜேஸ்வரி வாசலுக்கு வந்து பார்த்தார். “என்னங்க, சாவி கொடுத்தா ஓடற காரைத்தானே எல்லாரும் வாங்குவாங்க. நீங்க சாவி எடுத்தா ஓடற காரை வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

பக்கிரிசாமிக்குப் போன் செய்தோம். “பானெட்டைத் தூக்குங்கண்ணே. பம்பு மேல சின்ன இரும்பு நாக்கு இருக்கும், ஸ்டாப்புன்னு எழுதியிருக்கும். அதை அமுக்குங்க” என்றார். அமுக்கினார். நின்றது.

மறுநாள் பக்கிரிசாமியே வந்து பார்த்தார். “பெட்ரோல் வண்டி கரண்டுல ஓடுது. கரண்டு போனா செத்துரும். டீசல் அப்படி இல்ல. ஒரு தடவ பிடிச்சிட்டா அதுக்கு பேட்டரியும் வேணாம், சாவியும் வேணாம். எண்ணெய் வர்ற வரைக்கும் ஓடும். சாவிய அணைச்சா ஒரு ரப்பர் குழாய் வழியா காத்தை உறிஞ்சி, எண்ணெய மூடும். அந்தக் குழாய்ல ஓட்டை இருந்தா மூடாது. அவ்வளவுதான்.” குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். ஓட்டை இல்லை. இருந்தாலும் புதிது மாட்டினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. அவர் தெருமுனை திரும்பியதும் தம்புசாமி மறுபடி கிளப்பி அணைத்துப் பார்த்தார். நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் பக்கிரிசாமி வேறு சாமான்களை மாற்றினார். பட்டறையில் நிற்கும், வீட்டில் நிற்காது. “டீசல் வண்டிக்குச் சாவி ஒரு மரியாதைக்குத்தான்ணே” என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது. தம்புசாமி இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டு காலையில் மனைவியைக் கூட்டிப் போவார். ராஜேஸ்வரி முன் சீட்டில், இடப்பக்கம், தலையணை ஒன்றை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து கொள்வார். வாந்தி இல்லை. பெடரல் ஹைவேயில் அந்தக் கார் தொட்டில் மாதிரி போகும் என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் தம்புசாமி இறங்கி, பானெட்டைத் தூக்கி, இரும்பு நாக்கை அமுக்கி, மூடிவிட்டு வருவார். அது வரை ராஜேஸ்வரி வண்டியில் இருப்பார்.

ஒரு நாள் ராஜேஸ்வரி என்னிடம் சொன்னது: “அண்ணே, அவரு எறங்கி முன்னால போறாரு பாருங்க, அப்ப வண்டியில நான் தனியா இருக்கிற மாதிரியே இல்ல. டிரைவர் இருக்கிற மாதிரி இருக்கு. நான் எறங்கிப் போனப்புறம் அடுத்த ஆளை ஏத்தக் காத்துக்கிட்டு இருக்காரு.”

“டீசல் புகைம்மா. தல சுத்தும்” என்றேன்.

“புகைக்கு மூச்சு விடற சத்தம் கேக்குமா?”

வேறு சிலவும் நடந்தன. இது நான் கண்டது. ஒரு ஞாயிறு கிள்ளான் பாசாருக்கு மூவரும் போனோம். காரை ஓரம் நிறுத்தி, ஓடவிட்டு, தம்புசாமி மீன் வாங்கப் போனார். சாலையைக் கடந்து வந்த மலாய்க்காரப் பாட்டி ஒருவர் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்து, தெலுக் இந்தானுக்குப் போகுமா என்று மலாயில் கேட்டார். அந்தச் சீட்டில் ஒருவரும் இல்லை. கேட்டுவிட்டு, பதில் கிடைத்ததுபோல் தலையை ஆட்டி, நகர்ந்து போனார். ராஜேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் விஷயம் உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் எண்ணெய் போட நின்றபோது, பக்கத்தில் நின்ற பழைய டாக்சிக்காரர் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். தம்புசாமி காசு கட்ட உள்ளே போயிருந்தார். டாக்சிக்காரர் ராஜேஸ்வரியிடம் சொன்னதை, அந்த அம்மா அன்று மாலை என் முன்னிலையில் கணவரிடம் அப்படியே சொன்னார்.

கன்னையா கிள்ளான் டாக்சி நிறுத்தத்தில், மரத்தடியில், எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாளில் பழைய டீசல் வண்டிக்காரர்கள் பலர் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். ஓடவிட்டே சாய்ந்து தூங்குவார்கள். அதனால் அவர் உயிர் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஆட்கள் வந்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வராததால் அடுத்த வண்டிக்குப் போயிருக்கிறார்கள். ராத்திரி முழுதும் வண்டி ஓடியது. விடிந்து, எண்ணெய் தீர்ந்து, சத்தம் நின்றது. சத்தம் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜேஸ்வரி அதைச் சொல்லி முடித்து, கணவரையே பார்த்தார்.

“செத்த ஆளு காரு. அது போகட்டும். செத்தவங்க கட்டில்ல படுக்கிறதில்லையா, அவங்க வீட்ல குடியிருக்கிறதில்லையா. நான் கேக்கறது வேற. எப்ப போயி வாங்குனீங்க?”

“கருமாதிக்கு முன்னால.”

“கெளம்பும்போது என்னா சொன்னீங்க?”

தம்புசாமி தரையைப் பார்த்தார்.

“என்னங்க, ஒங்களைத்தான். வரேன்னு சொன்னீங்களா?”

“வாயில வந்துருச்சு ராஜி.”

“அந்தம்மா என்னா சொன்னாங்க?”

ராஜேஸ்வரி என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லத் தெரியாத தொழில் பார்த்தவன் நான். “வாங்கன்னு சொன்னாங்க” என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை. “எழவு வீட்டுக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டு, நோயாளிய பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டறீங்க. ஒரு உசுரை எடுத்துட்டுப் போகாம அந்த வண்டி எப்படிங்க நிக்கும்? நான் இனிமே அதுல ஏற மாட்டேன்.”

ஏறவில்லை. மறுநாள் காலை தம்புசாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கெஞ்சினார். ராஜேஸ்வரி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வேறு காரில் போகலாம் என்றோம். “எதுல போனாலும் சொன்ன வார்த்த இருக்கில்ல” என்றார். அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. என் வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டால் இது வரை வைத்ததெல்லாம் வீண் என்றார் போனில் பேசிய தாதி.

நான் போய்ச் சொன்னபோது தம்புசாமி காரின் அடியில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வேறு எதுவும் செய்யத் தெரியாத நேரத்தில் எண்ணெய் மாற்றுவார். வெளியே வந்து, கையைக் கூடக் கழுவாமல், “கிராணியாரே, ஏறுங்க” என்றார்.

“எங்க?”

“வரேன்னு சொன்னேன்ல. போவோம்.”

பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் நுழையும்போது மாலை வெயில் இருந்தது. வீரம்மா வீட்டின் இரும்புக் கதவு அகலத் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: கார் போன நாளிலிருந்து அந்தக் கதவை வீரம்மா சாத்தவே இல்லையாம். தெருநாய் உள்ளே வந்து போனாலும் சாத்த விடவில்லையாம்.

தம்புசாமி முற்றத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வீரம்மா படியில் நின்றார். எங்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

“அக்கா, தப்பா ஒரு வார்த்த சொல்லிட்டேன். என் வீட்டுக்காரி வைத்தியத்த நிறுத்திட்டா. நீங்கதான்...” என்றார் தம்புசாமி.

“நீங்க தப்பா சொல்லல தம்பி. அவரு சொல்லிட்டுப் போகல. அதான்.” வீரம்மா இறங்கி வந்தார். “அன்னிக்குக் காலையில ஒரு சின்ன சண்ட. கொழம்புல உப்புக்கு. அவரு பேசாம வண்டிய எடுத்தாரு. நானும் போயிட்டு வாங்கன்னு கூட சொல்லல. அப்புறம் நீங்க வந்து, அதே சீட்ல ஒக்காந்து, வரேன்னு சொன்னீங்க. எனக்கு அவரு சொன்ன மாதிரியே இருந்துச்சு. விட மனசு வரல.”

அவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். குழிந்த சீட்டின் மேல் ஒரு கையை வைத்தார்.

“வந்தாச்சு. வீடுதான். எறங்குங்க” என்றார். பிறகு, தணிந்து: “உப்பு கூடத்தான் போட்டுட்டேன்.”

எஞ்சினின் சத்தம் இறங்கியது. வண்டி தலையிலிருந்து வால் வரை ஒரு முறை குலுங்கியது. நின்றது. இதை நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். பானெட்டு மூடியிருந்தது. சாவி தம்புசாமியின் பையில் இருந்தது. எண்ணெய் வழியில்தான் போட்டிருந்தோம். அழுத்தம் விலகிய பிறகு பஞ்சு மெல்ல மேலெழும் அல்லவா, அப்படிச் சீட்டின் குழி கொஞ்சம் நிமிர்ந்ததாகத் தம்புசாமி பிறகு சொன்னார். அதை நான் பார்க்கவில்லை.

“இப்பப் போங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. திரும்பிப் பாக்காதீங்க” என்றார் வீரம்மா.

தம்புசாமி வண்டியைக் கிளப்பி, பின்னால் எடுத்து, சந்து முனையைத் தாண்டும் வரை இடது கையால் தன் வாயைப் பொத்தியிருந்தார். எங்களுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பண்டமாரானில் நிறுத்தி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் அதே நொடி நின்றது. உள்ளே போய் மனைவியின் கையில் சாவியைக் கொடுத்தார். ராஜேஸ்வரி வெளியே வந்து, தானே கிளப்பி, தானே அணைத்து, மூன்று முறை பார்த்தார். “காலையில சீக்கிரம் எழுப்புங்க” என்றார். மீதி நாட்களில் ஒன்றும் விடவில்லை. கட்டி கரைந்தது.

பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தக் கார் அவர்கள் வீட்டில் ஒரு ஆளாக இருந்தது. தம்புசாமி அதைப் பார்த்துக்கொண்ட விதம் பண்டமாரானில் பலருக்கு நினைவிருக்கும். எண்ணெய் கருக்க விடமாட்டார். டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் திறந்துவிடுவார். எண்ணெய் பீய்ச்சும் முனைகளைக் கழற்றிப் பக்கிரிசாமியிடம் சோதிக்கக் கொடுப்பார். ஓட்டுநர் சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்தார். ராஜேஸ்வரி அமரும் இடப்பக்கச் சீட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அவருடைய தலையணையும் அங்கேயே இருக்கும். அம்பாங்கில் உறவுக்காரர் கல்யாணம், சுங்கை பூலோவில் தம்பி வீடு, பத்துமலை என்று எல்லா இடத்துக்கும் அதே சீட்டில்தான். “எனக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கு” என்பார். ஒன்பது ஆண்டில் அந்தச் சீட்டும் அவர் அளவுக்குக் குழிந்தது.

1993ஆம் ஆண்டு கட்டி வேறு இடத்தில் வந்தது. இம்முறை டாக்டர்கள் கரண்டு வைக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ராஜேஸ்வரி காலமானார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சுங்கை பூலோவிலிருந்து வாசு என்ற இளைஞர் காரைப் பார்க்க வந்தார். தம்புசாமியே ஆள் சொல்லி அனுப்பி வரவழைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

“பதினாறு முடியட்டுமே. கார் எங்க ஓடிப் போகுது?” என்றேன்.

“இப்பவே போகட்டும் கிராணியாரே.”

பார்க்கப் பார்க்க மனம் தாங்காமல் விற்கிறார் என்று நினைத்தேன். வாசு நல்ல பையன். விலையைப் பேரம் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பினார். தம்புசாமி ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

“தம்பி, சொல்லாம போறீங்களே.”

வாசு திகைத்தார். “எழவு வீட்ல சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க அங்கிள்.”

“நாந்தான கேக்கறேன். சொல்லுங்க.”

“வேணாம் அங்கிள்...”

“ஒரு வார்த்தைதான். சொல்லுங்கலா.”

நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் கையை எடுத்துவிட்டார். வாசு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வயதானவர் ஒருவர் அப்படிக் கேட்கும்போது யாராலும் மறுக்க முடியாது.

“வரேன் அங்கிள்.”

தம்புசாமியின் பார்வை வாசுவைத் தாண்டி, இடப்பக்கச் சீட்டுக்குப் போயிற்று. தலையணை அங்கேதான் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

“வா” என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நான் சாத்துவேன். காலையில் பார்த்தால் திறந்திருக்கும். கருமாதி நடந்தது. அன்றும் அவர் வந்தவர்களோடு அதிகம் பேசவில்லை. தெருமுனைப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை அவரிடம் நேரடியாகக் கேட்டேன்.

“வீரம்மாவுக்குத் தப்புன்னு தெரிஞ்சுது, அவர விட்டுட்டாங்க. நீங்க ஏன் தம்புசாமி இப்படிச் செய்றீங்க?”

“அவங்க ரெண்டு பேருக்கும் சண்ட இருந்துச்சு, தீந்துச்சு. எங்களுக்குச் சண்டையே இல்லையே” என்றார்.

கருமாதி கழிந்த அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், அந்த எஞ்சினின் சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்தது. வாசு காரை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் பிடித்தபடி இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்கிள், நேத்திலேர்ந்து சாவி எடுத்தாலும் நிக்க மாட்டேங்குது. நிறுத்தணும்னா பானெட்டத் தூக்க வேண்டியிருக்கு. முன்னாலயும் இப்படித்தான் இருந்துச்சா?”

“இருந்துச்சு தம்பி. கிள்ளான்ல பக்கிரிசாமின்னு ஒருத்தர் பாப்பாரு. இருங்க, நானும் வரேன்.”

உள்ளே போய் நல்ல சட்டை போட்டு, தலை சீவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். வாசு முன் கதவைத் திறந்துவிட்டார். தம்புசாமி அதை மெதுவாகச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்தார்.

“முன்னால எடம் இருக்கே அங்கிள்.”

“இருக்கட்டும் தம்பி.”

பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் வாசலில் நின்றேன். கார் நகர்ந்தது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளாக அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். கடைக்குப் போனாலும் வரேன் என்று சொல்லாமல் போகாதவர். அன்று என்னிடம் சொல்லவில்லை.

மீதி, வாசு என்னிடம் சொன்னது. வழியில் தம்புசாமி பேசிக்கொண்டே வந்தாராம். தன்னிடம் இல்லை, முன் சீட்டைப் பார்த்து, சின்னக் குரலில். ஓரிரு முறை சிரித்தாராம், யாரோ கேலி செய்ததற்குச் சிரிப்பதுபோல. கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் பேச்சு நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று வாசு நினைத்திருக்கிறார். பட்டறை வாசலில் காரை நிறுத்தினார். சாவியில் கை வைக்கவில்லை. எஞ்சின் தானாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

சத்தம் நின்ற பிறகுதான் வாசு திரும்பிப் பார்த்திருக்கிறார்.